நாடாவின் ஓட்டம்

தென்காசிக்கு வடக்கே, மதுரைப் பெருஞ்சாலையின்மேல், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தை அடுத்து அமைந்த ஊர் கடையநல்லூர். வயலும் குளமும் சூழ்ந்த இவ்வூர் கைத்தறி நெசவிற்கும் நெடுங்காலம் பெயர்பெற்றிருந்தது. தறிகளின் தொகை பின்னாளில் குறைந்துவிட்டது. எனினும் தறி ஓடும் வீட்டின் திண்ணையில் சிறிது நேரம் நிற்பவர், இயற்பியலின் முதற்பாடத்தைக் கண்ணாரக் காணலாம்.

குழித்தறியில் அமர்ந்த நெசவாளர் மிதியை அழுத்துகிறார். பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடுகின்றன. கைப்பிடியை அவர் வெடுக்கென இழுத்ததும், ஊடைநூலைச் சுமந்த நாடா ஒரு பெட்டியினின்று புறப்பட்டு மறுபெட்டியைச் சென்று சேர்கிறது. இழுப்பு நொடிப்பொழுதில் முடிந்துவிடுகிறது. அதன்பின் நாடாவைத் தள்ளுவார் எவருமிலர். ஆயினும் அது ஓடுகிறது. அவ்வாறு ஓடச்செய்வது யாது? எதுவுமில்லை என்பதே விடை. ஓடத் தொடங்கிய பொருள் தானே ஓடிக்கொண்டிருக்கும். அதனை நிறுத்துவதற்குத்தான் விசை வேண்டும். பாவு நூல்களின் உராய்வு நாடாவைச் சிறிது தடுக்கிறது. மறுபுறத்துப் பெட்டி முற்றிலும் நிறுத்துகிறது. எவ்வளவு இழுக்கவேண்டும் என்பதை நெசவாளரின் கை அறியும். மெல்ல இழுத்தால் நாடா நடுவழியில் நின்றுவிடும். அதனைக் காணாமல் அச்சைத் தம்பக்கம் அடித்தாரானால் பாவிழைகள் அறுந்துபோகும். மிகையாக இழுத்தாலோ, நாடா பெட்டியில் மோதி மீளும். இத்தகைய விசைநாடாவை இங்கிலாந்து நாட்டு ஜான் கே என்பவர் 1733ஆம் ஆண்டில் அமைத்தார். அதற்குமுன் நாடாவை ஒரு கையால் எறிந்து மறுகையால் பிடித்தனர். ஆதலின் ஒருவர் தனித்து நெய்யும் துணியின் அகலம் அவர் கையெட்டும் தொலைவைக் கடக்கவில்லை.

நிற்கும் பொருள் நின்றவாறே இருக்கவும், இயங்கும் பொருள் அதே வேகத்தில் நேர்க்கோட்டில் இயங்கவும் முற்படும் இவ்வியல்பு நிலைமம் எனப்படும். முந்தைய நூல்கள் இதனைச் சடத்துவம் என்றும் வழங்கின. மாடு இழுத்தால் வண்டி ஓடுகிறது. மாடு நின்றால் வண்டியும் நிற்கிறது. ஆதலின், ஓயாது இழுத்தால்தான் பொருள் ஓடும் என்று அரிஸ்டாட்டில் போன்ற பேரறிஞரும் எண்ணியது வியப்பன்று. வண்டியை நிறுத்துவது சக்கரத்திலும் அச்சாணியிலும் உண்டாகும் உராய்வு என்பது பின்னரே தெளிவாயிற்று. கலிலியோ வழவழப்பான சரிவுகளில் உருண்டைகளை உருட்டி இவ்வுண்மையை நெருங்கினார். நியூட்டன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இதனை இயக்கத்தின் முதல் விதியாக வைத்தார்.

விதியை அறியுமுன்னரே அதனைக் கையாண்டோர் பலர். களத்தில் நெற்கதிர்க் கட்டை ஓங்கிக் கல்லில் அடிக்கும்போது தாள் நின்றுவிடுகிறது. மணிகளோ நில்லாமல் தெறித்தோடுகின்றன. சுத்தியலின் காம்பை நெட்டுக்குத்தாகத் தரையில் தட்டினால், காம்பு நிற்க, இரும்புத்தலை மேலும் இறங்கி இறுகிக்கொள்கிறது.

சாரற்காலத்தில் குற்றாலத்தை நோக்கிச் செல்லும் பேருந்துகளில் கூட்டம் மிகும். வண்டி புறப்படுங்கால், நிற்போரின் கால்கள் தளத்தோடு முன்செல்ல, உடல் பின்னே சாய்கிறது. வண்டி திடுமென நின்றால் உடல் முன்னே சாய்கிறது. திருப்பத்தில் வெளிப்புறமாகச் சாய்கிறது. மூன்றற்கும் காரணம் ஒன்றே. பழகிய நடத்துநர் நூலேதும் நோக்காமலே கம்பியில் முதுகைச் சார்த்திக்கொண்டு சீட்டுக் கிழிப்பார்.

படியில் தொங்கிச் செல்லும் மாணவன், தான் அசையாது நிற்பதாகவே எண்ணுகிறான். வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்திற் சென்றால், அவனும் நொடிக்கு 10 மீட்டர் விரைகின்றான். வண்டி வளையும்போது அவன் உடல் வளைவதில்லை. அதனை வளைக்கும் விசையைத் தரவேண்டியவை, கம்பியைப் பற்றிய விரல்களும் படியில் பாதியளவே ஊன்றிய பாதமுமே. ஓடும் வண்டியினின்று குதித்தாலோ, தரையைத் தொட்ட கால் நின்றுவிட, உடல் வண்டியின் வேகத்தோடு முன்சென்று விழும். ஓட்டுநர் உடனே நிறுத்திவிடுவார் என்று நம்புவதற்கும் இடமில்லை. தடையின் விசை மாறாதிருக்க, வேகம் இருமடங்கானால், தடை போட்டபின் வண்டி ஓடி நிற்கும் தொலைவு நான்கு மடங்காகும். சாரலில் நனைந்த தார்ச்சாலையில் உராய்வு குறைவதால் அத்தொலைவு மேலும் நீளும்.