எந்தப் பக்கம் திரும்பினால் சுற்றுகிறது?

செவ்வாய்க்கிழமை விடியற்காலை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் வலப்பக்கம் புரண்டு படுத்தேன். மின்விசிறியோடு அறையே சுழன்றது. அரை நிமிடத்தில் நின்றது. மறுபடி புரண்டால் மறுபடி சுழற்சி. ஊரில் என்றால் அம்மா "பித்தம்டா" என்று இஞ்சியைத் தட்ட ஆரம்பித்திருப்பார்.

இங்கே முதல் கவலை எம்.சி. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, நோய் விடுப்புக்குச் சம்பளம் வேண்டுமானால் இந்த மருத்துவச் சான்று வேண்டும். அதுவும் முதலாளி நியமித்த பேனல் கிளினிக்கில்; அது கிட்டாவிட்டால்தான் வேறு மருத்துவர். 48 மணி நேரத்துக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்காவிட்டால், சான்று கையில் இருந்தாலும் சொல்லாமல் நின்றதாகவே கணக்கு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு வருடத்துக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18, அதற்குமேல் 22. சுவரைப் பிடித்து நடப்பவன் இத்தனையையும் நினைவில் வைக்க வேண்டும். எங்கள் ஊர் கும்பகோணத்தில் "உடம்பு முடியல சார்" என்று ஒரு போன் போதும். மனிதன் சொல்லை மனிதன் நம்புவான்.

ஆனால் கிளினிக்கில் இருந்த கிள்ளான்கார டாக்டரம்மாவை மறக்க மாட்டேன். "எந்தப் பக்கம் திரும்பினா சுத்துது?" என்று கேட்டார். தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, என் விழிகள் துடிப்பதைப் பார்த்தார். உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்தால், தலை அசையும்போதெல்லாம் குழாயிலுள்ள நீரைக் கலக்கி, உடல் சுழல்வதாக மூளைக்குப் பொய் சொல்லும். மாத்திரை மயக்கத்தை அமுக்குமே தவிர, துகளை வெளியேற்றாது. அதற்கு, தலை தொங்கியபடி அரை நிமிடம், இடப்பக்கம் திருப்பி அரை நிமிடம், உடலோடு புரண்டு தரையைப் பார்த்து அரை நிமிடம், பிறகு எழுந்து உட்கார வேண்டும். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி வகுத்த முறை இது. இரண்டாம் முறை செய்தபோது சுழற்சி இல்லை. "பேச்சு குழறினாலோ, கை கால் மரத்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ இது வேற. உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்" என்றும் எச்சரித்தார்.

திரும்பும் வழியில் கண்தெரியாத பெரியவர் ஒருவர் வெள்ளைக் கோலோடு, நடைபாதையின் புடைப்பு ஓடுகளை மிதித்து நேராக நடந்து போனார். பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பேட்டை இது. கண், காது, பாதம் மூன்றும் சேர்ந்தே நம்மை நிமிர்த்துகின்றன. ஒன்று இல்லாமலே அவர் எனக்கு முன்னால் உறுதியாகப் போய்க்கொண்டிருந்தார்.

அன்றிரவு அம்மாவுக்குப் போன் செய்தேன். பல வருடமாகப் பித்தம் என்று மாத்திரை விழுங்குகிறார். "எந்தப் பக்கம் திரும்பினா சுத்துதும்மா?"

கொஞ்சம் யோசித்தார். "இடப்பக்கம். ஏன், இதுவரைக்கும் யாரும் கேக்கலையே?"

சனிக்கிழமை அண்ணன் அவரைத் தஞ்சாவூரில் காது மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்.