நானூறு முடிச்சு

12-க்கு 12 அடியில் ஒரு மூங்கில் தெப்பம். குறுக்கே 20 கயிறு. கயிற்றுக்கு 20 இடத்தில் கடற்பாசித் துண்டு, துண்டுக்கு 150 கிராம். ஆக ஒரு தெப்பத்துக்கு 60 கிலோ விதை, 400 முடிச்சு. ராமநாதபுரம் கடற்கரையில் பரவிய முறைப்படி ஆளுக்கு 45 தெப்பம்; 45 நாளில் பாசி முற்றிவிடும். அதனால் தினம் ஒரு தெப்பத்தை அறுத்து, மறுபடி கட்டிக் கடலில் விட வேண்டும். பாசியின் வளர்ச்சியைச் சரியாகத்தான் கணித்திருக்கிறார்கள். கட்டுகிறவரின் இடுப்பு அந்தக் கணக்கில் இல்லை.

ராமேஸ்வரம் தீவின் வடகடல் கரை. ஓலைக் கொட்டகைக்கு அடியில் பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். கயிற்றின் ஒரு முனை கொட்டகைக் காலில், மறுமுனை கால் கட்டைவிரலில் ஒரு சுற்று. மடியில் கிடக்கும் ஈரப் பாசியில் ஒரு கொத்தை ஒடித்து, கயிற்றில் தொங்கும் பிளாஸ்டிக் இழைக்குள் நுழைத்து, சுண்டி இறுக்குகிறார்கள். தளர்ந்தால் அலை பிடுங்கிவிடும். அதிகம் இறுக்கினால் தண்டு அறுந்துவிடும். அந்தப் பதம் தெரிந்த விரல் நுனியெல்லாம் உப்பேறி வெடித்திருந்தது.

“தூக்குறதுகூட ஒரு நேரத்து வேலை தம்பி. இந்தக் கட்டுற வேலைதான் குறுக்கை ஒடிக்குது” என்றார் ஒரு அக்கா.

தூக்குவதும் லேசில்லை. முற்றிய தெப்பத்தில் 260 கிலோ வரை பாசி இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் கடலே பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். கரையை நெருங்க நெருங்க அது ஆளின் தோளுக்கு மாறும், காலடியில் மணலும் நழுவும். ஆனாலும் அக்கா சொன்னதில் நியாயம் இருக்கிறது. சாய்மானம் இல்லாமல் கால் நீட்டி உட்கார்ந்தால் தொடையின் பின்தசை இடுப்பெலும்பைப் பின்னுக்கு இழுக்கும், கீழ்முதுகு வளைந்துவிடும். அதோடு முன்னால் குனியும்போது முதுகெலும்பின் இடைத்தட்டுகளில் விழும் அழுத்தம், நிற்கும்போது இருப்பதைவிட அதிகம். அதுவும் மணிக்கணக்கில்.

அவர்களும் சும்மா இல்லை. இரண்டு பேர் முதுகோடு முதுகு சேர்த்து உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சாய்மானமாகியிருந்தார்கள். ஒருவர் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தார். தைல பாட்டில் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. இடுப்புயர மேசையில் இரண்டு கொக்கி அடித்துக் கயிற்றை மாட்டிக்கொண்டால் என்ன என்று கேட்டேன்.

“நாள் பூரா நின்னா முழங்கால் போயிரும். கொஞ்ச நேரம் நின்னு, கொஞ்ச நேரம் உக்காந்து கட்டுனாத் தேவலை.”

அலுவலக நாற்காலிக்காரர்களுக்கு நிபுணர்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்லும் யோசனை இதுதான். இதே மாவட்டத்தில் வலமாவூருக்கு 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா அறிவித்திருக்கிறார்கள், நல்லது. கொட்டகைக்கு ஒரு மேசை என்பது அந்தத் தொகையில் சில்லறைகூட ஆகாது.

காசு காய்ந்த பாசிக்குத்தான். விதைக்கு எடுத்தது போக மீதி 200 கிலோ, வெயிலில் சுருங்கி 20 கிலோ தேறும். இடுப்பை நிமிர்த்த எழுந்து நடக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. மேசைக்கு யார் செலவழிப்பார்கள் என்ற கேள்விக்கும் அக்காவிடம் பதில் தயாராக இருந்தது: “வாடை அடிச்சா இந்தக் கடல்ல வேலையே இல்ல. அந்த மாசத்துக்கு அரிசி வாங்கவே கடன், மேசைக்கு எங்க போறது?”