ஆற்காட்டுக்காரியின் இடவாடகை

அண்ணன் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில்தான் எங்கள் கொள்ளுப்பாட்டியைத் தேடத் தொடங்கினோம். அவரைத்தான் தேடுகிறோம் என்பது அப்போது எங்களுக்கே தெரியாது.

பெங்களூரில் பொறியியல் சேர்க்கை. பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். அப்பாவின் சான்றிதழ் கையால் எழுதிக் கொடுத்த பழைய காகிதம். அதன் பிரதி எங்கள் பதிவேட்டில் இல்லை, செல்லாது என்றார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எங்கள் பேச்சைக் கவனித்துவிட்டு, "நீங்க தமிழ்க்காரங்கதானே, ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவங்கதானே, அங்கே போய் வாங்கிக்குங்க" என்றார். வேலூர்ப் பக்கத்து உறவினர் ஒருவரை விட்டு விசாரித்தோம். அங்கே கிடைத்த பதில்: "நாலு தலைமுறையா கர்நாடகாவுல இருக்கீங்க, இங்க எப்படிக் கொடுக்கிறது?"

இதைப் படிக்கும் மாணவர்களில் சிலருக்கு இந்தப் பந்தாட்டம் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். பட்டியல் சாதி என்பது மாநிலத்தோடு கட்டப்பட்ட அடையாளம். 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது உங்கள் குடும்பம் எந்த மாநிலத்தில் நிரந்தரமாக வசித்ததோ அந்த மாநிலத்துப் பட்டியல்தான் உங்களுக்கு. வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் சாதி கூடவே வரும், சலுகை வராது. 1990-ல் உச்சநீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. ஆக எங்கள் முன்னால் இருந்தது ஒரே கேள்வி. 1950-ல் நாங்கள் எங்கே இருந்தோம்?

எங்களுக்குப் பதில் தெரியும். கோலார் தங்கவயலில் இருந்தோம். தெரிந்தால் போதுமா, காகிதம் வேண்டாமா?

நிலம் வைத்திருந்தவன் பட்டாவைக் காட்டுவான். எங்களுக்கு ஏது நிலம்? சுரங்க லைனில் மூங்கில் தட்டி அடைத்த வீடு, அதுவும் கம்பெனியுடையது. கிறித்தவர்களான பங்காளிகளுக்கு ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது, பாதிரியார் வீட்டு அலமாரியில் மூன்று தலைமுறை வரிசையாக நிற்கிறது. எங்கள் தாத்தா பவுத்தர். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பவுத்த சங்கம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளை வைத்திருந்த மண் அது. பண்டிதர் மறைந்தபின் அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மறுபடி நடத்தியதும் அங்கிருந்துதான். தாத்தா அந்த மரபில் வளர்ந்தவர். புத்தர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பஞ்சசீலம் சொல்லுவார். குடிப்பவர்களை வீட்டுத் திண்ணையில்கூட உட்கார விடமாட்டார்.

சுரங்கத்தில் வேலை செய்தவர் அவருடைய அப்பா. தாத்தா கொத்து வேலை, சுமை தூக்குவது என்று கான்ட்ராக்ட் கூலி, கம்பெனி மஸ்டரில் பேர் ஏறவே இல்லை. கொள்ளுத்தாத்தாவின் வேலைப் பதிவு கிடைக்குமா என்று கேட்டுப் போனோம். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு நின்றுபோனது. எஞ்சிய கட்டுகளில் தேடச் சொன்னவர்கள், "கைரேகைச் சீட்டு ஏதாவது இருந்தா நம்பர் கண்டுபிடிச்சிடலாம்" என்றார்கள்.

கைரேகை. இந்த இடத்தில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. 1930-ல் தங்கவயல் தொழிலாளர்கள் 21 நாள் வேலைநிறுத்தம் செய்ததே கம்பெனி கைரேகை எடுத்துப் பதிவு செய்யப் பார்த்ததை எதிர்த்துத்தான். குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தியவர்களிடம் ரேகை எடுக்கச் சட்டம் இருந்த காலம். எங்கள் கொள்ளுத்தாத்தாவும் அந்த 21 நாளும் வேலைக்கு இறங்காதவர்களில் ஒருவர். குடும்பத்தில் இதைப் பெருமையாகச் சொல்லுவார்கள், நாங்களும் எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறோம். எந்த ரேகையை வைக்கமாட்டேன் என்று அவர் பட்டினி கிடந்தாரோ, அதே ரேகையை இப்போது பேரப்பிள்ளைகள் தூசிக்குள் தேடிக்கொண்டிருந்தோம். கிடைக்கவில்லை. கிடைக்காததில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது என்று சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வரும்.

அக்காதான் பெரிய ஆயாவிடம் போகலாம் என்றாள். தாத்தாவுக்கு மூத்தவர், எண்பத்தைந்து தாண்டிவிட்டது. கண் மங்கல், நினைவு கூர்மை. "அந்தக் காலத்துல நீங்க எந்த லைன்ல இருந்தீங்க ஆயா?" என்று கேட்டோம். லைன் பேர் நினைவில்லை. குழந்தையாக இருந்தபோதே இரண்டு மூன்று இடம் மாறியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "கள்ளுக்கடையிலேர்ந்து ஊட்டுக்கு வரணும்னா சயனைடு மேட்டைச் சுத்திக்கினு வரணும். அவ்ளோதான் தெரியும்" என்றார்.

கள்ளுக்கடையில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டோம்.

"எங்கம்மா கடை அங்கதானடா இருந்துச்சு. சாக்கணாக் கடை."

எங்கள் வீட்டில் இதுவரை யாரும் சொல்லாத செய்தி. எங்களுக்குச் சொல்லப்பட்டது, கொள்ளுப்பாட்டி முறுக்கு சுட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார் என்பதுதான். தாத்தா அப்படித்தான் சொல்லுவார். பெரிய ஆயா சொன்னது வேறு. பாறைத் தூசி நெஞ்சில் இறங்கி இருமி இருமியே கொள்ளுத்தாத்தா செத்துப்போனபோது மூத்தவளுக்கு ஆறு வயது, தம்பிக்கு மூன்று. லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். ஊருக்குத் திரும்பினால் பண்ணையில்தான் நிற்க வேண்டும். அந்தம்மா திரும்பவில்லை. சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் ஒண்டிக்கொண்டு, ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் இருந்த கள்ளுக்கடை வாசலில் அடுப்பு வைத்தார். மாட்டுக் குடல் போட்டி, உப்புக்கண்டம், ரத்தப் பொரியல், பட்டாணிச் சுண்டல். மந்தார இலையில் வைத்துத் தருவார். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் வாங்குவார்கள். ஒன்பதாயிரம், பத்தாயிரம் அடி ஆழம் வரை போன சுரங்கங்கள் அவை. அடியில் பாறையைத் தொட்டால் சுடும். மேலே வந்தவனுக்கு முதலில் தேவைப்பட்டது ஈச்சங்கள்ளின் குளிர்ச்சி, அடுத்தது உப்பும் காரமுமாக ஏதாவது.

தாத்தா ஏன் மறைத்தார் என்று எங்களுக்குள் நீண்ட நாள் பேச்சு நடந்தது. கள், மாட்டுக்கறி, புருஷன் இல்லாத பெண் ஆண்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தது: ஊரார் நம்மை எதற்கெல்லாம் இழிவாகப் பேசுவார்களோ அத்தனையும் ஒரே அடுப்பில். அவர் அதிலிருந்து எழுந்து வந்து, சட்டை மடிப்புக் கலையாமல் வாழ்ந்து காட்டியவர். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் இல்லை. ஆனால் அந்தப் புத்தர் படத்துக்குச் சட்டம் போட்ட காசும் சாக்கணா விற்ற காசுதான் என்று பெரிய ஆயா சொன்னபோது, அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கள்ளுக்கடையைக் கொண்டாட நாங்கள் வரவில்லை. எங்கள் பெரியப்பா ஒருவர் சாராயத்தால் செத்தார், கர்நாடகத்தில் 2007-ல் சாராயத்தைத் தடை செய்தபோது பட்டாசு வெடித்தவர்கள் நாங்கள். கடையை ஏலத்தில் எடுத்தவன் வேறு, ஏலப் பணம் போய்ச் சேர்ந்த இடம் அரசாங்க கஜானா. குடித்துக் கெட்டான் என்ற பேர் மட்டும் லைன்காரனுக்கு. அந்தக் கடைக்குள்ளும் சாதி இருந்தது. பேட்டைக் கடைக்காரர்கள் வந்தால் உள்ளே பெஞ்சு, லைன் ஆட்களுக்கு வெளியே தரை, குவளையும் வேறு வேறு என்று பெரிய ஆயா சொன்னார். "எங்கம்மா வெளியே, அவங்களும் வெளியே. அதனாலதான் யாவாரம் ஆச்சு" என்று சொல்லிச் சிரித்தார்.

கடை போய் மூன்று தலைமுறை ஆகிறது. ஆண்டர்சன்பேட்டையில் கேட்டுக்கொண்டே போனோம். கடை இருந்த இடத்தைக் காட்ட ஆளுக்கு ஒரு சுவரைக் காட்டினார்கள். ஒரு வயதான தையல்காரர்தான், அந்தக் கடையை ஏலம் எடுத்தவருடைய பிள்ளைகள் பங்காருப்பேட்டைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு மாரிகுப்பம் ரயிலைப் பிடித்தோம். 1894-ல் தங்கத்துக்காகப் போட்ட தடம். இப்போது அதே தடத்தில் விடியற்காலையில் எங்கள் பிள்ளைகள் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள்.

அந்த வீட்டார் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். பழைய பெட்டியைத் திறந்து காட்டுவதற்கு அவர்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை, இருந்தும் திறந்தார்கள். டீ வந்தது. எங்களுக்குக் காகிதக் கப், அவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர். தற்செயலாகக்கூட இருக்கலாம். விருந்தாளிக்குப் புதுக் கப் என்று நினைத்திருக்கலாம். ஆனால் மூன்று பேரும் அதைக் கவனித்தோம், மூன்று பேரும் குடித்தோம், ரயில் ஏறும்வரை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பெட்டியில் 1946, 1947 வருடத்துப் பற்று நோட்டுகள் இரண்டு இருந்தன. தெலுங்கில் எழுதியது. படம் எடுத்துக்கொண்டு வந்து, தெலுங்கு தெரிந்த ஆசிரியத் தோழர் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் நான்கு இரவு உட்கார்ந்து படித்தார். முக்கால்வாசி கடன் கணக்கு. ஆள் பேர், லைன் பேர், பாக்கி. எங்கள் சனங்கள் பேர் பேராக அதில் இருக்கிறார்கள். எந்த நூலகத்திலும் இவ்வளவு பேரை ஒரே இடத்தில் நாங்கள் பார்த்ததில்லை. கடைசிப் பக்கங்களில் வேறொரு கணக்கு, வாசலில் கடை போட்டவர்களிடம் வாரவாரம் வாங்கியது. நான்கு பேர். மூன்று பேருக்குப் பேர் இருந்தது. நான்காவது வரியில் "ஆற்காட்டுக்காரி" என்று மட்டும் எழுதி, எதிரே லைன் பேர், இடவாடகை நாலணா.

வாரம் தவறாமல் நாலணா. 1947 தொடக்கத்தில் மூன்று வாரம் மட்டும் கோடு போட்டு விட்டிருக்கிறது. அந்த மூன்று வாரம் தம்பிக்கு அம்மை போட்டிருந்ததாகப் பெரிய ஆயா சொன்னார். அதுவரை எங்களுக்கு அது வேறு யாரோ ஒரு ஆற்காட்டுக்காரியாகவும் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தது.

இந்த நோட்டைச் சான்றாகக் கொடுக்க முடியுமா என்று வழக்கறிஞர் தோழரிடம் கேட்டோம். "கள்ளுக்கடை நோட்டை எடுத்துக்கிட்டுப் போனா ஆபீஸே சிரிக்கும்" என்றார். ஆனால் எங்களுக்கு இப்போது லைன் பேர் கிடைத்துவிட்டது. லைன் தெரிந்தால் அந்த லைன் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம் தெரியும். உங்களில் யாராவது இதே போலத் தேட நேர்ந்தால் இதை நினைவில் வையுங்கள். நேரே சான்றாகும் காகிதத்தைத் தேடி அலையாதீர்கள், உங்கள் ஆட்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று சொல்லும் எந்தக் காகிதமானாலும் முதலில் பிடியுங்கள். கடன் நோட்டு, அடகுச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, சுடுகாட்டுக் கணக்கு. அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைத் தூக்கிப் போடுவதற்குத் தலைமையாசிரியர்கள் பயப்படுவார்கள்.

அந்தப் பள்ளித் தலைமையாசிரியை நல்லவர். அரை நாள் எங்களோடு தரையில் உட்கார்ந்து பழைய பதிவேடுகளைப் புரட்டினார். 1947 ஜூன், தாத்தாவின் பேர். சாதி, ஆதிதிராவிடர். வசிப்பிடம், அதே லைன். 1952-ல் பள்ளியை விட்டு நின்றதாகச் சிவப்பு மையில் குறிப்பு. எங்களுக்கு வேண்டிய 1950 ஆகஸ்ட் அதற்கு நடுவில் இருந்தது. சான்றிட்ட நகல் எழுதிக் கொடுத்தார். இன்னும் மூன்று மாதம் அலைந்து, ஒரு மேல்முறையீடும் போட்டு, சான்றிதழ் வாங்கினோம். அதற்குள் அந்த வருடச் சேர்க்கை முடிந்துவிட்டது. பிள்ளை ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு இந்த ஆண்டு சேர்ந்திருக்கிறாள்.

தாத்தாவை மட்டும்தான் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். மூத்தவள் பேரையும் தேடினோம், இல்லை. "நான் போனா இலை யாரு துடைக்கிறது?" என்று பெரிய ஆயா சாதாரணமாகக் கேட்டார். எங்களிடம் அதற்குப் பதில் இல்லை.

பதிவேட்டில் பாதுகாவலர் என்ற இடத்தில் 'தாய்' என்று எழுதி, பக்கத்தில் அவருடைய பேர் இருந்தது. பெரிய ஆயாவுக்கே அம்மாவின் பேர் சரியாகத் தெரியாது, அம்மா என்றுதானே கூப்பிட்டிருப்பார். அலைபேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டிப் படித்துச் சொன்னோம். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்'. அதற்குப் பக்கத்தில், கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில், கொஞ்சம் மை கூடிப்போய், ஒரு பெருவிரல் ரேகை.