இரு சிவப்புக் கார்கள்

எங்கள் வீட்டில் ஒரே மோட்டார்க் காரின் இரு சிற்றுருவங்கள் இருந்தன. இரண்டும் சிவப்பு, இரண்டும் 1961இல் ஜெனீவாக் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப் இனத்தைச் சேர்ந்தவை. 1969ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனிலிருந்து மீண்ட மாமா, மூத்தவரென்ற முறையில் அண்ணனுக்குப் பெரியதையும், அப்பொழுது எட்டு வயதினனாயிருந்த எனக்குச் சிறியதையும் தந்தார். மலிவானதும் விலையுயர்ந்ததுமான அவ்விரு விளையாட்டுச் சாமான்களை ஒப்பிடும் வேலையை அன்றே தொடங்கினேன். அது இன்னும் முடிந்தபாடில்லை.

என்னுடையது இலெஸ்னிக் கொம்பனியாரின் 'மட்ச்பொக்ஸ்' வரிசையில் 32ஆம் இலக்கம். அக்கொம்பனியின் பங்காளருள் ஒருவரான ஜாக் ஓடெலின் மகள் படித்த பள்ளியில், நெருப்புப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளையே கொண்டுவரலாமென்பது விதியாம். அதற்கேற்பத் தந்தை செய்துகொடுத்த சிறு வீதியுருளை இயந்திரத்திலிருந்து 1953இல் அவ்வரிசை தோன்றியதென்பர். அண்ணனுடையது கோர்கி. இப்பெயரைக் கேட்டதும் நம் மாணவர் பலர்க்குத் 'தாய்' நாவலை எழுதிய உருசியரே நினைவுக்கு வருவார். அவருக்கும் இதற்கும் தொடர்பில்லை. மெற்றோய்க் கொம்பனி தன் தொழிற்சாலை அமைந்திருந்த வேல்ஸ் நாட்டின் குறுங்கால் நாயொன்றின் பெயரைத் தன் கார்களுக்கு 1956இல் சூட்டிக்கொண்டது.

என் காரில் எதுவும் திறவாது. உடல் ஒரு வார்ப்பு, அடித்தட்டு ஒரு வார்ப்பு. இடையே இருக்கைகளும் கண்ணாடியும் பிளாஸ்டிக். கீழே இரு அச்சாணிகளும் நான்கு சில்லுகளும். அவ்வளவுதான். அண்ணனுடைய காரிலோ இரு கதவுகளும் திறக்கும், நீண்ட முன்மூடி உயர்ந்து இயந்திரத்தைக் காட்டும், பின்கதவும் திறக்கும், இருக்கைகளின் முதுகு மடியும். அதன் விலை என்னுடையதைப் போலப் பல மடங்கென்று மாமா ஐயாவிடம் கூறியதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இவ்விலை வேறுபாடு உலோகத்தினால் வருவதன்று. இரண்டும் நாகத்தோடு ஏறத்தாழ 4 சதவீதம் அலுமினியமும், மிகச் சிறிதளவு வேறு உலோகங்களும் சேர்ந்த கலப்பே. அதனை உருக்கி, உருக்கினாலான அச்சினுள் பேரழுத்தத்தோடு செலுத்துவர். நொடிப்பொழுதில் இறுகி வெளியே வரும். அச்சை வெட்டுவதே பெருஞ்செலவு. ஒரே அச்சிலிருந்து இலட்சக்கணக்கில் வார்த்தெடுத்தால் அச்செலவு ஒவ்வொரு காருக்கும் சில சதமாகக் கரைந்துவிடும். மலிவுக் காரின் இரகசியம் அதுதான். ஒரு கதவு திறக்கவேண்டுமென்றாலோ, அதற்கு வேறோர் அச்சு, ஒரு கீல், அதனைப் பொருத்த ஒரு மனிதக் கை, கதவுக்கும் உடலுக்குமிடையே கோடு சீராக விழுகின்றதா எனப் பார்க்க ஒரு கண் ஆகியன வேண்டும். விலையுயர்ந்த காரை வாங்குபவர் பெரும்பாலும் இத்திறப்புக்களுக்கே பணம் கொடுக்கின்றார். அது உடைவதும் பெரும்பாலும் அத்திறப்புக்களிலேதான்.

இதனை 1970இல், ஒரு பிற்பகலில், நான் என் கையாலேயே அறிந்தேன். அண்ணன் ரியூசனுக்குச் சென்றிருந்தார். அலுமாரியின் மேற்தட்டிலிருந்த பெட்டியை எடுத்து, காரை வெளியே எடுத்து, விறாந்தைச் சீமெந்தில் ஒரே ஒருமுறை ஓட்டினேன். பின் கதவைத் திறந்தேன். திறக்கவேண்டிய அளவுக்கு மேல் திறந்துவிட்டேன் போலும். சாரதி பக்கக் கதவு கீலோடு முறிந்து கையில் வந்தது. கதவை அதனிடத்திற் பொருத்தி, அது விழாதபடி காரை மெல்லப் பெட்டியுள் வைத்து மூடி, அலுமாரியில் வைத்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதன்பின் அண்ணன் அப்பெட்டியைத் திறந்ததை நான் காணவில்லை. உறவினர் வந்து, "இலண்டன் காரைக் காட்டு" என்றால் பெட்டியை மட்டும் எடுத்துக் காட்டி, "திறந்தால் பழுதாய்ப் போகும்" என்பார். அதனை அவருடைய கருமித்தனமென்றே கொண்டேன். பிற்காலத்தில், திறவாத பெட்டிக்குச் சேகரிப்போர் மிகுந்த விலை கொடுப்பரென அறிந்தபொழுது, அண்ணன் பிறவியிலேயே ஒரு சேகரிப்பாளரென முடிவுசெய்தேன்.

என் கார் அவ்வாறன்று. விறாந்தையிலும் கிணற்றுக்கட்டிலும் மணலிலும் ஓடியது. இரு ஆண்டுகளில் வண்ணம் போய் நாகத்தின் சாம்பல் நிறம் வெளிப்பட்டது. எனினும் சில்லுகள் நான்கும் சுழன்றன. 1968இல் அமெரிக்காவின் மற்றெல் கொம்பனி மெல்லிய அச்சாணியிற் பாய்ந்தோடும் 'ஹொட் வீல்ஸ்' கார்களை விற்கத் தொடங்க, இலெஸ்னியாரும் மறு ஆண்டிலேயே தம் சில்லுகளை மாற்ற நேர்ந்தது. எங்கள் விறாந்தைக்கு அப்போட்டியின் செய்தி எட்டவில்லை. அப்போட்டியும் அதனோடு வந்த பிற நெருக்கடிகளும் சேர்ந்து இங்கிலாந்தின் பழைய பெயர்களை ஒவ்வொன்றாக வீழ்த்தின. டிங்கிக் கார்களைச் செய்த லிவர்பூல் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. 1982இல் இலெஸ்னியும் 1983இல் மெற்றோயும் முறிந்தன. மலிவு, உயர்வு என்னும் பேதம் அங்கே ஒருவரையும் காப்பாற்றவில்லை.

டிங்கியைக் குறிப்பிட்டதனால் ஒன்று சொல்லவேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன் வார்க்கப்பட்ட டிங்கிக் கார்கள் இன்று பெருவிலை பெறுவன. ஆயினும் அவற்றுட் பல, எவரும் தொடாமலேயே வெடித்துப் பொடியாகின்றன. வார்க்கும்பொழுது கலப்பில் நுழைந்த சிறிதளவு ஈயமே காரணம். உலோகத்தின் மணிகளுக்கிடையே அரிப்பு மெல்லப் படர்ந்து, உருவம் வீங்கி, ஒருநாள் உடைகின்றது. பெருவிலை கொடுத்தவர் கண்ணாடி அலுமாரியுள் வைத்துப் பார்த்திருக்கவே அது நிகழும். அதற்கு மருந்தில்லை.

அண்ணன் 1984இல் கனடா சென்றார். பெட்டி அலுமாரியிலேயே இருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபொழுது நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தோம். எதை எடுப்பது, எதை விடுவது என்று அம்மா அலுமாரியின் முன் நின்று தடுமாறியது நினைவிருக்கின்றது. உறுதிகளும் சான்றிதழ்களும் எடுக்கப்பட்டன. கோர்கிப் பெட்டியை எவரும் நினைக்கவில்லை. மறு ஆண்டு திரும்பியபொழுது அலுமாரியே இல்லை. என் கார் மட்டும் தப்பியது. அதனைக் காப்பாற்றவேண்டுமென எவரும் எண்ணியதால் அன்று. நான்கு வயது மகனின் கைக்குள் அது இருந்தது.

அண்ணனோ தொலைபேசியில் அக்காரின் பேச்சு வரும்போதெல்லாம், "நல்ல கார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு விடயத்துக்குப் போய்விடுவார். அது என்னை நீண்ட காலம் வருத்தியது.

2017இல் மகளைப் பார்க்க இலண்டன் சென்றபொழுது, அண்ணனுக்கு ஓர் ஈ-டைப் வாங்கி அனுப்புவதென்று துணிந்து ஒரு கடைக்குப் போனேன். பதினெட்டிலொன்று அளவில் இருவகைக் கார்கள் அருகருகே இருந்தன. மலிவானதன் கதவைத் திறந்தால், வளைந்த தடித்த கொக்கியொன்று கீலென்ற பெயரில் வெளியே வந்தது. சில்லின் கம்பிகள் பிளாஸ்டிக்கில் வார்த்து வெள்ளிப்பூச்சிட்டவை. கதவின் இடைவெளியில் நகத்தைச் செருகலாம். உயர்ந்ததில் கீல் கண்ணுக்குத் தெரியவில்லை; சில்லுக்கம்பிகள் மெல்லிய உலோகம்; தரையில் விரிப்புத் துணி; முன்மூடியின்கீழ் ஒவ்வொரு குழாயும் தன் நிறத்தில் இருந்தது. விலை ஏறத்தாழப் பத்து மடங்கு. மனச்சாட்சியோடு சொல்வதாயின் அது அழகான பொருள், அப்பணத்துக்குத் தகுந்ததே. அதனுடன், கதவை நெம்பித் திறப்பதற்கென ஒரு சிறு கருவியும் கொடுக்கின்றார்கள். கையால் திறக்கக் கூடாதாம். அதனைக் கண்டதும் அலுமாரியும் விறாந்தையும் நினைவில் வர, இரண்டையும் வாங்காமல் வெளியே வந்தேன்.

மறுவாரம் பழைய விளையாட்டுச் சாமான்கள் விற்கும் சந்தையொன்றுக்கு மகள் அழைத்துச் சென்றாள். அங்கே எங்கள் கோர்கியைக் கண்டேன். பெட்டியோடு பழுதற்ற நிலையில் ஒன்று. பெட்டியில்லாமல், ஒரு கதவும் இல்லாமல், முன்னதன் விலையில் ஐந்திலொரு பங்குக்கு மற்றொன்று. மகள் நல்லதையே காட்டினாள். நான் கதவற்றதை வாங்கினேன். ஏனென்று அவளுக்குச் சொல்லவில்லை. அண்ணனுக்கு எழுதத் தொடங்கிய கடிதம் நான்கு தடவை கிழிக்கப்பட்டது. ஈற்றில் கடிதமின்றியே காரைப் பஞ்சில் சுற்றி ரொறன்ரோவுக்கு அனுப்பினேன்.

மூன்று வாரங்களின்பின் அண்ணன் அழைத்தார். பிள்ளைகளை விசாரித்தார், மழையை விசாரித்தார். பின்பு, "தம்பி, கார் வந்தது" என்றார். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

"எங்கட காரில உடைஞ்சது டிறைவர் பக்கக் கதவெல்லோ? இதில மற்றப் பக்கம்."