அடங்கியதால் நீண்ட நாதம்

மீட்டப்பட்ட நரம்பு பிறந்த கணத்திலேயே இறக்கத் தொடங்குகின்றது. வயலினுக்கு வில் உண்டு. குழலுக்கு மூச்சு உண்டு. வில் இழுபடும் வரையும் மூச்சு நிற்கும் வரையும் அவற்றின் சுரம் உயிர்வாழும். கிற்றாருக்கோ அத்தகைய ஆதரவு எதுவுமில்லை. விரல் தீண்டியவுடன் ஒலி உச்சத்தை எட்டுகின்றது. மறுகணமே தேய்ந்து மௌனத்துட் கரைந்துவிடுகின்றது. மின்கிற்றாரிலே காந்தச் சுருள் நரம்பின் அதிர்வை மின்னாக மாற்ற, விரியலாக்கி அதனைப் பன்மடங்கு பெருக்குகின்றது. ஆயினும் தேய்வு தேய்வாகவே உள்ளது. பெருக்கப்பட்ட ஒலியும் பிறந்து, உயர்ந்து, மடிகின்றது.

இக்குறையைத் தீர்க்கக் கிற்றார்க் கலைஞன் தன் காலடியில் வைத்துக்கொள்ளும் சிறு பெட்டிகளுள் ஒன்று கொம்பிறெசர். அமுக்குவது என்பதே அப்பெயரின் பொருள். ஒலியை நீட்டுவதற்கென வைக்கப்படும் கருவி, அமுக்கும் கருவி என்னும் பெயரைப் பெற்றிருப்பது முதற் பார்வையில் முரணாகத் தோன்றலாம். அம்முரணுக்குள்ளேதான் அதன் முழு இயல்பும் அடங்கியுள்ளது.

கொம்பிறெசர் ஒலியின் வலிமையை இடையறாது கண்காணிக்கின்றது. குறித்த ஒரு வரம்பை ஒலி தாண்டுமாயின், தாண்டிய பகுதியை ஒரு விகிதப்படி குறைக்கின்றது. விகிதம் நான்குக்கு ஒன்று எனக் கொள்ளின், வரம்பை 8 டெசிபெல் தாண்டிய ஒலி 2 டெசிபெல் மாத்திரமே தாண்டியதாக வெளிவரும். வரம்புக்குட்பட்ட மெல்லிய ஒலியை அது தொடுவதில்லை. இவ்வாறு உச்சி தாழ்த்தப்பட்ட பின்னர் ஒலி முழுவதும் ஒருசேர உயர்த்தப்படுகின்றது. அப்போது முன்னர் காதுக்கு எட்டாதிருந்த சுரத்தின் வால் மேலெழுகின்றது. நரம்பு முன்னையிலும் நீண்டநேரம் அதிரவில்லை. அதன் முடிவு நீண்டநேரம் கேட்கப்படுகின்றது. அவ்வளவே.

இக்கருவி இசைக்கெனப் பிறந்ததன்று. 1930களில் வானொலி நிலையங்களிலே, ஒலி அளவுமீறி ஒலிபரப்பைக் குலைத்துவிடாதிருக்க, இத்தகைய கட்டுப்பாட்டுக் கருவிகள் அமைக்கப்பட்டன. அதற்குமுன் பொறியியலாளர் ஒருவரின் கை விசையைக் கூட்டியும் குறைத்தும் செய்த வேலை அது. ஆகவே தொடக்கத்தில் அது ஒரு காவற்காரன். கலைஞனுக்குத் தோழனாகும் எண்ணம் அதனை ஆக்கியோர்க்கு இருந்ததில்லை.

காவற்காரன் தோழனான கதை 1965ஆம் ஆண்டு ஹொலிவூட்டிலுள்ள கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில் நிகழ்ந்தது. பின்னாளில் றோஜர் எனப் பெயர் மாற்றிக்கொண்ட ஜிம் மக்குவின், பேர்ட்ஸ் என்ற புதிய குழுவின் கிற்றார்க் கலைஞர். பீற்றில்ஸ் குழுவின் 1964ஆம் ஆண்டுத் திரைப்படத்திலே ஜோர்ஜ் ஹரிசனின் கையிற் கண்ட பன்னிரு நரம்பு றிக்கன்பாக்கர் கிற்றாரின்மீது ஆசைகொண்டு, தாமும் ஒன்றை வாங்கியிருந்தார். பொப் டிலனின் ‘மிஸ்ரர் ரம்பறீன் மான்’ பாடலை அக்குழு பதிவுசெய்தபோது, குழுவினருள் அவர் ஒருவரே வாத்தியம் வாசித்தார். ஏனைய வாத்தியங்களைக் கூலிக்கு அமர்த்தப்பட்ட கலைஞர் வாசித்தனர்.

அக்கிற்றார் தனித்து ஒலிக்கும்போது மழுங்கியே ஒலிக்கும், கலகலவென மணிபோல் ஒலிப்பதில்லை என்று மக்குவின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். பொறியியலாளர் றே கெர்ஹாட், றொக் இசையின் பேரொலியினின்றும் தம் கருவிகளைக் காப்பாற்றுவதற்காகவே எல்லாவற்றின் மீதும் கொம்பிறெசரைப் பூட்டினாராம். கிற்றாரும் அதற்குட்பட்டு நன்றாக நசுக்கப்பட்டது. நசுங்கியபோதுதான் அது பாடியது! அவ்வினிமையைக் கேட்டு வியந்தவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரு கொம்பிறெசர்களைத் தொடுத்தனர். அப்பாடல் அவ்வாண்டே அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதலிடத்தை எய்தியது. ஐயத்தாற் பூட்டப்பட்ட தளை ஒரு கலைஞனின் குரலாக மாறியமை சிந்திக்கற்பாலது.

அதன் விளைவு அங்கு முடியவில்லை. சுரத்தைச் சில விநாடிகள் தாங்கிப்பிடிக்க முடிந்ததும், கிற்றாரைக் காற்றுக்கருவி போல ஒலிக்கச் செய்யலாம் என்னும் எண்ணம் மக்குவினுக்கு உண்டாயிற்று. 1966இல் வெளிவந்த ‘எயிற் மைல்ஸ் ஹை’ பாடலில், ஜோன் கோல்ட்ரேனின் சக்சபோன் நடையை அவர் பன்னிரு நரம்பிலே தேடினார். அவருக்குத் தூண்டுகோலாயிருந்த கோல்ட்ரேனின் படைப்பின் பெயர் ‘இந்தியா’. கோல்ட்ரேனோ பண்டிதர் ரவி சங்கரின் இசையில் ஈடுபாடு கொண்டு, தம் மைந்தனுக்கு ரவி என்றே பெயரிட்டவர். சித்தாரிலிருந்து சக்சபோனுக்கும், அதிலிருந்து மீண்டும் ஒரு நரம்புக் கருவிக்கும் சென்ற இப்பயணத்தின் இறுதிப் படியில் துணைநின்றது அந்த அமுக்கும் கருவியே.

கூடத்தில் வைக்கப்பட்டிருந்த கருவி 1970களிலே காலால் மிதிக்கும் பெட்டியாகச் சுருங்கியது. எம்.எக்ஸ்.ஆர். நிறுவனத்தின் செந்நிற டைனா கொம்ப் அவற்றுட் புகழ்பெற்றது. ஒன்பது வோல்ற்று மின்கலம் ஒன்றும் இரண்டே குமிழ்களும் அதற்குப் போதும். ஒரு குமிழ் அமுக்கத்தின் அளவையும் மற்றையது வெளிவரும் ஒலியின் அளவையும் தீர்மானிக்கும்.

பயிற்சி முதிராத இளைஞன் ஒருவன் அதனை முதன்முறை மிதிக்கும்போது மகிழ்ச்சியில் திளைக்கின்றான். பலமாக விழுந்த மீட்டும் தளர்ந்து விழுந்த மீட்டும் ஒரே சீராக ஒலிக்கின்றன. நேற்றுவரை தடுமாறிய கை இன்று தேர்ந்த கையாகத் தோன்றுகின்றது. ஆனால் பெட்டியை நிறுத்தியதும் அந்தத் தேர்ச்சியும் நின்றுவிடுகின்றது. விரல் கற்றுக்கொள்ளவில்லை, விரலின் பிழை மறைக்கப்பட்டது மாத்திரமே. இன்னொன்றையும் அவன் காலப்போக்கில் உணர்கின்றான். கோபத்தோடு மீட்டினாலும் கனிவோடு மீட்டினாலும் பெட்டி ஒரே விடையையே தருகின்றது. குமிழை மேலும் திருகினால், சுரங்களுக்கிடையில் நிலவவேண்டிய மௌனத்திலே இரைச்சல் எழுகின்றது. மெல்லிய நாதத்தைக் கைதூக்கிவிடும் கருவி, மெல்லிய இரைச்சலையும் அவ்வாறே கைதூக்கிவிடுகின்றது. தகுதி பிரித்தறியும் ஆற்றல் அதற்கில்லை.

எனவே, வலியதைத் தாழ்த்தி மெலியதை உயர்த்துவது எப்போதும் நன்றென்றோ தீதென்றோ கூறிவிட இயலாது. மேடும் பள்ளமும் முற்றாக நீங்கிய இசை, ஏற்ற இறக்கமின்றிப் படிக்கப்படும் கவிதையை ஒத்தது. கட்டுப்பாடே இல்லாத இசையிலோ ஒரு பெருமீட்டின் ஆரவாரத்துள் பல சிறுசுரங்கள் கேளாமலே மாண்டுபோகின்றன. இவ்விரண்டுக்குமிடையே குமிழை எங்கு நிறுத்துவது என்பதைக் கருவி அறியாது. கேட்கும் காதே அறியும். மக்குவினைக் கலைஞராக்கியது பொறியியலாளர் பூட்டிய தளையன்று. அத்தளைக்குள்ளிருந்து எழுந்த புதிய ஒலியை இனங்கண்டு, அதற்கேற்பத் தம் விரல்களைப் பல மணிநேரம் பழக்கிய உழைப்பே அவரைக் கலைஞராக்கியது. பெட்டியை எவரும் மிதிக்கலாம். அது தாங்கிப்பிடிக்கும் சுரம் தாங்கத் தகுந்ததா என்பதே கலைஞன் தன்னைத்தான் கேட்கவேண்டிய வினா.