கறிக்கு ரெட் ஒயின் எதுக்கு?

போன வாரம் ஓபியில் ஒரு அண்ணன். சுகர் மாத்திரை சாப்பிடுறவர். காலையில் மயக்கம், சுகர் 58.

"ராத்திரி கறியோட ரெட் ஒயின் குடிச்சேன் சார். கொழுப்பைக் கரைக்குமாமே?"

கரைக்காதுங்க. ஒயினில் இருக்கும் டானின், கடுந்தேநீர் மாதிரி துவர்க்கும். கறியின் புரதமும் கொழுப்பும் அந்தத் துவர்ப்பை நாக்கில் அடக்கும். பிரான்சின் போர்தோவில் ஆட்டுக்கறிக்கு ரெட் ஒயின் வைப்பது அதனால்தான். அதே ஒயின் இனிப்போடு கசக்கும். டார்க் சாக்லேட்டுக்கு இனிப்பான போர்ட் ஒயின்தான் சேரும்.

இதெல்லாம் நாக்கோட கணக்கு. ஈரலுக்குத் தெரிஞ்சது ஆல்கஹால் மட்டும்: 150 மில்லி ஒயினில் சுமார் 14 கிராம். அதைச் சமாளிக்கிற நேரத்தில் ஈரல் புதுச் சர்க்கரை செய்றது குறையும். சில மாத்திரைகளும் சேர்ந்தா சுகர் தாழ்ந்துடும்.

மருந்துன்னு நினைச்சு ஒயினைத் தொடாதீங்க. ஏற்கெனவே குடிக்கிறவங்க, உங்க டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.