கப்பல் பிளந்தது, பழி யார் மேல் விழுந்தது?



தரம் 11 வரலாற்றில் உலக மகா யுத்தம் வரும்போது ஒரு படம் வரையச் சொன்னால், பிள்ளைகள் டாங்கி வரைவார்கள், குண்டு போடும் விமானம் வரைவார்கள். கொஞ்சம் வாசிக்கிற பிள்ளை நீர்மூழ்கிக் கப்பல் வரையும். அரிசியும் மாவும் ஏற்றிய சாமான் கப்பலை வரைந்த பிள்ளையை நாங்கள் இன்னும் காணவில்லை.

ஆனால் எங்கள் மூத்தம்மாமாரும் அவர்களின் உம்மாமாரும் அந்த யுத்தத்தை அறிந்தது டாங்கியால் அல்ல, கூப்பனால். அந்தக் காலத்தில் இலங்கை உண்ட அரிசியில் பெரும்பங்கு வெளியிலிருந்துதான் வந்தது, முக்கியமாகப் பர்மாவிலிருந்து. 1942 இல் பர்மா ஜப்பானியரிடம் விழுந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 5 இல் கொழும்பிலும் 9 இல் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அதே நாட்களில் வங்காள விரிகுடாவில் இருபதுக்கும் மேற்பட்ட சாமான் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. அரிசிக்குப் பங்கீடு வந்தது. குண்டுச் சத்தமே கேட்காத ஊர்களிலும் அரிசியை அளந்து உலையில் போட்டார்கள்.

கப்பல் வராவிட்டால் என்ன நடக்கும் என்பது 2022 இல் எரிவாயு வரிசையில் நின்ற நமக்கும் தெரியும். ஆகவே யுத்த காலத்துச் சாமான் கப்பல் ஒன்றைப் பற்றி இன்று எழுதுகிறோம். அதன் பெயர் லிபர்ட்டி. கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

பிரித்தானியா ஒரு தீவு. உணவு, எண்ணெய், ஆயுதம் எல்லாம் கடலால்தான் வரவேண்டும். ஜேர்மன் நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களைத் தேடித் தேடி மூழ்கடித்தன. கட்டும் வேகத்தைவிட மூழ்கும் வேகம் கூடியது. 1940 இல் பிரித்தானியக் கப்பல் நிபுணர்கள் ஒரு வரைபடத்தோடு அமெரிக்கா போய் 60 கப்பல்களுக்கு ஓர்டர் கொடுத்தார்கள். அந்த வரைபடத்தைத் திருத்தி அமெரிக்கா தனக்காகக் கட்டியதுதான் லிபர்ட்டி.

அழகுக்காகக் கட்டிய கப்பல் அல்ல அது. 441 அடி நீளம், ஐந்து சாமான் அறைகள், சுமார் பத்தாயிரம் தொன் ஏற்றலாம். ஜீப் என்றால் 2,840, டாங்கி என்றால் 440 என்று கணக்குச் சொல்வார்கள். வேகமோ மணிக்கு 11 கடல் மைல்தான். நம்மூர் இளைஞன் ஒருவன் சைக்கிளை உதைத்து மிதித்தால் அதை முந்திவிடுவான். இயந்திரமும் பழைய மாதிரி நீராவி இயந்திரம். வேண்டுமென்றே அதைத் தெரிவு செய்தார்கள். நவீன டர்பைன்கள் யுத்தக் கப்பல்களுக்குத் தேவைப்பட்டன. பழைய இயந்திரத்தைப் பல தொழிற்சாலைகளில் செய்யலாம், ஓட்டவும் திருத்தவும் ஆட்களைச் சீக்கிரம் பழக்கலாம்.

முதல் கப்பல் பெட்ரிக் ஹென்றி. 1941 செப்டம்பர் 27 இல் பால்ட்டிமோரில் தண்ணீரில் இறங்கியது. அதைக் கட்டி முடிக்க ஏறத்தாழ எட்டு மாதம் எடுத்தது. இரண்டு வருடத்துக்குள் ஒரு கப்பலுக்குச் சராசரியாக ஆறு கிழமை போதும் என்றாகிவிட்டது. 1945 வரை 18 கப்பல் தளங்களில் 2,710 கப்பல்கள் கட்டினார்கள்.

எப்படி முடிந்தது? தையல் தெரிந்த நம் பெண்களுக்கு இது சட்டென்று விளங்கும். பழைய முறையில் கப்பலை அடியிலிருந்து ஒவ்வொரு தகடாக வைத்து, றிவெட் ஆணி அடித்து மேலே கொண்டுவருவார்கள். அதற்கு வருடக்கணக்கில் பழகிய கைகள் வேண்டும். லிபர்ட்டியை முதலில் துண்டு துண்டாகச் செய்தார்கள். முன்பகுதி ஓரிடத்தில், மேல்தள அறைகள் இன்னோரிடத்தில், அடிப்பகுதி வேறோரிடத்தில். பிறகு கிரேனால் தூக்கி வைத்து வெல்டிங்கால் ஒட்டினார்கள். ஆடைத் தொழிற்சாலையில் ஒரு பிள்ளை கொலர் மட்டும், மற்றப் பிள்ளை கை மட்டும் தைப்பது போலத்தான். இதைப் பெருமளவில் செய்து காட்டிய ஹென்றி கைசர் கப்பல்காரர் அல்ல. வீதியும் அணைக்கட்டும் கட்டி வந்தவர்.

வேலைக்கு வந்தவர்கள் யார்? இளைஞர்கள் பலர் படைக்குப் போய்விட்டார்கள். வந்தவர்கள் பண்ணைக்காரர்கள், கடைச் சிப்பந்திகள், தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள், அதுவரை அடுப்படியை மட்டுமே கண்ட ஆயிரக்கணக்கான பெண்கள். கடலையே பார்த்திராதவர்களும் அதில் இருந்தார்கள். போட்லண்டில் வேலை செய்த தாய்மாருக்காகக் கப்பல் தளத்தின் வாசலிலேயே இரவு பகலாக இயங்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களைக் கைசரின் கம்பனி 1943 இல் திறந்தது.

அவர்களை யாரும் கப்பல் கட்டும் நிபுணர்களாக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. அதைச் சில கிழமைகளில் சொல்லிக் கொடுத்து, செய்து காட்டி, செய்ய விட்டார்கள். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த பாடமும் இதுதான். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ, பெரியதைச் சின்னதாக உடை, ஒரு படி நன்றாக நின்ற பின் அடுத்த படி. அதே முறையில் பழகிய கைகள்தான் உலகின் மிகப் பெரிய கப்பல் கூட்டத்தைக் கட்டின. கலிபோர்னியாவின் ரிச்மண்ட் தளத்தில் ரொபர்ட் பியரி என்ற கப்பலை 4 நாள், 15 மணித்தியாலம், 29 நிமிடத்தில் தண்ணீரில் இறக்கினார்கள். 1942 நவம்பரில் நடந்த அந்தச் சாதனை ஒரு போட்டிக்காகச் செய்தது, துண்டுகளை முன்கூட்டியே ஆயத்தம் பண்ணி வைத்திருந்தார்கள். ஆனால் அந்தக் கப்பல் யுத்தம் முடிந்தும் பல வருடம் கடலில் ஓடியது.

இனித்தான் நாங்கள் சொல்ல வந்த விஷயம்.

கப்பல்களில் வெடிப்பு வரத் தொடங்கியது. சில கப்பல்கள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இரண்டாகப் பிளந்தன. 1943 நவம்பரில் ஜோன் பி. கெய்ன்ஸ் என்ற லிபர்ட்டி கப்பல் அப்படிப் பிளந்து 10 பேர் இறந்தார்கள். உடனே சந்தேகம் யார் மேல் விழுந்தது? வெல்டிங் செய்தவர்கள் மேல். அனுபவம் இல்லாத ஆட்கள், அவசர வேலை, வேறென்ன எதிர்பார்க்கலாம் என்று பேசினார்கள்.

கேம்பிரிட்ஜில் கொன்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி உடைந்த உருக்கை எடுத்துப் பரிசோதித்தார். சூட்டில் வளையும் சீனிப்பாகு ஆறியதும் பட்டென்று முறியும் அல்லவா? அந்த உருக்கும் அப்படித்தான் இருந்தது. வட அத்திலாந்திக்கின் குளிரில் அது வளையும் தன்மையை இழந்து முறிந்தது. மூல காரணம் உருக்கில் இருந்தது. வரைபடத்திலும் பிழை இருந்தது. சாமான் இறக்கும் வாசல்களின் மூலைகள் சதுரமாக இருந்தன, பாரமெல்லாம் அந்த மூலையில் குவிந்து வெடிப்பு அங்கேயே தொடங்கியது. துண்டுகள் தைத்த போர்வையில் கிழிசல் தையலோடு நின்றுவிடும், ஒரே துணியில் கடைசி வரை ஓடும். வெல்டிங்கால் கப்பல் முழுவதும் ஒரே துணியாகிவிட்டதால் வெடிப்பு நிற்க இடமில்லாமல் ஓடியது.

கவனக்குறைவாகச் செய்த வெல்டிங் வேலையும் இல்லாமலில்லை. ஆனால் திருத்தம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வாசல் மூலைகளைப் பலப்படுத்தினார்கள். வெடிப்பு ஓடாமல் தடுக்க இடையில் றிவெட் அடித்த பட்டிகள் போட்டார்கள். புதிதாகப் பழகிய தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பவில்லை. அவர்கள் தொடர்ந்து கட்டினார்கள்.

கட்டியவர்களுக்குப் பழி என்றால், ஓட்டியவர்களுக்கு மறதி. கப்டன் ஹியூ முல்சாக் கறுப்பினத்தவர். கப்பல் தலைவருக்கான தகுதிப் பத்திரத்தை 1918 இலேயே பெற்றவர். கப்பல் கையில் கிடைத்தது 1942 இல், புக்கர் டி. வொஷிங்டன் என்ற லிபர்ட்டி. இருபத்து நான்கு வருடம் அவரிடம் இல்லாதிருந்தது திறமை அல்ல. வாய்ப்புக் கிடைத்தபோதும், இனம் பார்த்துப் பிரித்த மாலுமிகளோடு போகமாட்டேன் என்று நின்று, எல்லா இனத்தவரையும் சேர்த்துக்கொண்டுதான் புறப்பட்டார்.

நம் பக்கத்துக் கடலிலும் ஒரு கதை உண்டு. ஜீன் நிக்கலெட் என்ற லிபர்ட்டி, 100 பேரோடு அவுஸ்திரேலியாவிலிருந்து கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்தது. 1944 ஜூலை 2 இல், இலங்கைக்குத் தெற்கே வெகு தூரத்தில், ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று அதைத் தாக்கியது. கப்பலை விட்டிறங்கியவர்களைப் பிடித்து, கைகளைக் கட்டிக் கொன்றார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் திரும்பவில்லை. இப்படிச் சாமான் கொண்டுபோய் உயிர் கொடுத்த அமெரிக்க வணிகக் கப்பல் மாலுமிகள் சீருடைப் படையினர் அல்ல என்பதால், முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்து 1988 வரை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதற்குள் பலர் மௌத்தாகிவிட்டார்கள்.

இதையெல்லாம் ஏன் இங்கே எழுதுகிறோம்?

சாதாரண தரப் பெறுபேறு வரும் காலங்களில் நம் ஊரில் கேட்கும் பேச்சு நமக்கெல்லாம் தெரியும். கணிதத்தில் கோட்டைவிட்ட பிள்ளையைப் பார்த்து, "புள்ள படிக்கல்ல", "போன்தான் பார்த்த", "இவனுக்கு மண்டையில ஏறாது" என்பார்கள். வெல்டிங் செய்தவரில்தான் பிழை என்று சொன்ன அதே அவசரம்.

அந்தப் பிள்ளைக்குத் தரம் 9 முழுக்கக் கணிதத்துக்கு ஆசிரியர் இருந்தாரா? காலையில் ஏதாவது சாப்பிட்டு வந்ததா? ஏழாம் தரத்தில் விளங்காமல் போன பின்னத்தை யாராவது திரும்பச் சொல்லிக் கொடுத்தார்களா? அங்கே தொடங்கிய வெடிப்பு நிற்க இடமில்லாமல் பதினோராம் தரம் வரை ஓடியிருக்கலாம். உருக்கையும் வரைபடத்தையும் பார்க்காமல் கையை மட்டும் குற்றம் சொன்னால், அடுத்த கப்பலும் அதே மூலையில்தான் பிளக்கும்.

பிள்ளையின் பொறுப்பு இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. படிக்காத பிள்ளையும் உண்டு. ஆனால் முதலில் விசாரிப்போம், பிறகு தீர்ப்புச் சொல்வோம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பெறுபேறு எப்படி இருந்தாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கு வாருங்கள். எந்தப் படியில் வழுக்கியது என்று சேர்ந்து இருந்து பார்ப்போம். மறுபடி எழுத வேண்டிய பிள்ளைக்கு அந்தப் படியிலிருந்து தொடங்குவோம். தொழில் பழக விரும்பும் பிள்ளைக்குத் தொழில்நுட்பக் கல்லூரி விண்ணப்பம் நிரப்ப உதவுவோம். வெல்டிங் பழகப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளையைத் தயவுசெய்து குறைவாகப் பார்க்காதீர்கள். நேற்றுவரை கப்பலையே காணாதவர்கள் சில கிழமைகளில் அந்த வேலையைப் பழகித்தான் 2,710 கப்பல்களைக் கடலில் இறக்கினார்கள்.

நம் பிள்ளைகளுக்காகத் துஆச் செய்யுங்கள்.